வெண்டிங் மெஷின் தொழில்: பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர், பெட்டிக்கு வெளியே ஒரு கணக்கு

பெரிய அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், ரயில் நிலையங்களிலும் கண்ணாடி முகப்பு வைத்த உயரமான பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பணம் செலுத்தி எண்ணை அழுத்தினால் பிஸ்கட் பாக்கெட்டோ குளிர்பானமோ கீழே வந்து விழும். இதுதான் வெண்டிங் மெஷின். நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இத்தகைய மெஷின்களுக்கான சாப்ட்வேரை எழுதுவதுதான் என் பணி. "ஒரு மெஷின் வாங்கி வைத்தால் நல்ல வருமானம் வருமாமே?" என்று நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். மெஷின் எப்படி வேலை செய்கிறது, தொழில் எப்படி நடக்கிறது, இப்போது என்னென்ன மாற்றங்கள் வந்துள்ளன என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. உங்கள் மேசை மேல் இருப்பதும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வரிசை வரிசையாக இருக்கும் கம்பிச் சுருள்கள். ஒவ்வொரு சுருளின் பின்னாலும் ஒரு சிறிய மோட்டார் இருக்கும். சுருள் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னால் இருக்கும் பாக்கெட் கீழே விழும். இந்த மோட்டார்களை இயக்குவது கண்ட்ரோலர் போர்டு. இதில் ப்ராசஸர், மெமரி, இன்புட், அவுட்புட் எல்லாம் உண்டு. கீபோர்டுக்குப் பதில் எண் பட்டன்களும், மானிட்டருக்குப் பதில் சிறிய டிஸ்ப்ளேயும் இருக்கும். புதிய மாடல்களில் டச் ஸ்கிரீனே வந்துவிட்டது.

மோட்டார் சுற்றினால் மட்டும் போதாது, பொருள் உண்மையிலேயே விழுந்ததா என்று தெரிய வேண்டும். அதற்காகப் பல மெஷின்களில் அடிப்பகுதியில் இன்ஃப்ராரெட் சென்சார் வைத்திருப்பார்கள். விழும் பாக்கெட் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கற்றையை மறைத்தால் விற்பனை முடிந்தது என்று பொருள். மறைக்கவில்லை என்றால் மோட்டாரை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கும். அப்போதும் விழாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும்.

நாணயம் போடும் பகுதியில் மின்காந்தச் சுருள்கள் இருக்கும். நாணயம் அவற்றைக் கடக்கும்போது ஏற்படும் மாற்றத்தை வைத்து உலோகத்தையும் அளவையும் கண்டுபிடிக்கும். நோட்டு வாங்கும் பகுதியில் ஒளி சென்சார்கள் நோட்டைப் படித்து, மெமரியில் உள்ள மாதிரியோடு ஒப்பிடும். 2016 முதல் 2019 வரை நம் நாட்டில் ரூ.10 முதல் ரூ.500 வரை எல்லா நோட்டுகளுக்கும் புதிய வடிவம் வந்தது நினைவிருக்கலாம். அந்த நோட்டுகளை வாங்க வேண்டுமானால் மெஷினின் சாப்ட்வேரைப் புதுப்பித்தே ஆக வேண்டும். ஜப்பானிலும் 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது மெஷின் வைத்திருந்தவர்களுக்கு இதே செலவு ஏற்பட்டது.

கேள்வி கேட்கும் போர்டு

நாணயக் கருவி, நோட்டுக் கருவி, கார்டு ரீடர் ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எல்லாம் ஒரே மெஷினில் எப்படி ஒத்துப் போகின்றன? இதற்கு எம்டிபி என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. கண்ட்ரோலர் போர்டு ஒவ்வொரு கருவியையும் முறை வைத்து, "ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால்தான் கருவி பதில் சொல்லும். தானாகப் பேசாது. உங்கள் கம்ப்யூட்டரின் யூஎஸ்பியும் ஏறக்குறைய இப்படித்தான் மௌஸையும் பென் டிரைவையும் விசாரிக்கிறது. எம்டிபியின் வேகம் விநாடிக்கு 9600 பிட்கள் மட்டுமே. காசு வந்ததா, இல்லையா என்று கேட்க இதற்கு மேல் வேகம் எதற்கு?

க்யூஆர் கோடு வைத்துப் பணம் கட்டும்போது என்ன நடக்கிறது?

2016-இல் யூபிஐ வந்த பிறகு நம் ஊர் மெஷின்களில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. கசங்கிய நோட்டு, சில்லறை இல்லை என்ற தொல்லை குறைந்தது. நீங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் மெஷின் தன்னிடம் உள்ள சிம் கார்டு வழியாக சர்வரைத் தொடர்பு கொள்கிறது. சர்வர் அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் ஒரு க்யூஆர் கோடு தயாரித்து அனுப்புகிறது. நீங்கள் போனில் பணம் செலுத்துகிறீர்கள். பணம் வந்த செய்தி சர்வருக்குப் போய், சர்வர் மெஷினுக்குச் சொல்ல, மெஷின் மோட்டாரைச் சுற்றுகிறது.

இடையில் சிக்னல் போய்விட்டால்? பணம் போயிருக்கும், பொருள் வந்திருக்காது. இப்போது "பொருள் கொடுக்கப்பட்டது" என்ற பதில் மெஷினிடமிருந்து குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், பணத்தைத் திருப்பி அனுப்பும்படி சர்வரில் புரோகிராம் எழுத வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். இருபது ரூபாய் போனவருக்கு வருவது இருபது ரூபாய்க்கான கோபம் அல்ல!

தொழிலில் யார் யார்?

இத்தொழிலில் மூன்று தரப்பினர் உண்டு. மெஷினைத் தயாரித்து விற்பவர், மெஷினை வாங்கிப் பொருள் நிரப்பி நடத்தும் ஆபரேட்டர், மெஷின் வைக்க இடம் கொடுப்பவர். இடம் கொடுப்பவர் வாடகையாகவோ விற்பனையில் பங்காகவோ வாங்கிக்கொள்வார். அலுவலகங்களில் உள்ள டீ, காபி மெஷின்களில் வேறொரு முறையும் இருக்கிறது. மெஷினை இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ வைத்துவிட்டு, அதில் போடும் காபிப் பொடி கலவையைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்பார்கள். லாபம் பொடியில் வரும்.

தமிழ்நாட்டில் லாபத்துக்காக அல்லாமல் வைத்த மெஷினும் உண்டு. 2022-இல் சென்னை கோயம்பேடு சந்தையில் வைத்த மெஷின், பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை கொடுத்தது. பிளாஸ்டிக் பையைத் தவிர்க்க அரசு எடுத்த முயற்சி அது.

எக்ஸெல்லில் ஒரு கணக்கு

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் விவரத்தையும் வலப்பக்கம் தொகையையும் டைப் செய்யுங்கள். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கெட்டுக்கு லாபம் ரூ.5. ஒரு நாளைக்கு 40 பாக்கெட் விற்கிறது. மாதம் 26 வேலை நாட்கள். ஆக ரூ.5,200 வருகிறது. செலவைப் பார்ப்போம். இடத்துக்கு ரூ.2,000. குளிரூட்டும் மெஷின் என்பதால் மின்சாரம் ரூ.1,500. வாரம் மூன்று முறை, அதாவது மாதம் 13 முறை பொருள் நிரப்ப ஆள் போய்வர, தடவைக்கு ரூ.100 வீதம் ரூ.1,300. சிம் கார்டு, பணம் செலுத்தும் வசதிக்கு ரூ.400. கூட்டிப் பாருங்கள். அதே ரூ.5,200! கையில் நிற்பது பூஜ்யம். மெஷின் விலையையும், தேதி முடிந்து வீணாகும் பொருளையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்போது 40 என்பதை 60 என்று மாற்றுங்கள். வரவு ரூ.7,800 ஆகி, ரூ.2,600 மிஞ்சும். மெஷின் விலை ரூ.2 லட்சம் என்று வைத்தால், போட்ட பணம் திரும்பவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மெஷின் அதேதான், பொருளும் அதேதான். எந்த இடத்தில் வைத்தோம் என்பதும், நிரப்ப எத்தனை முறை போகிறோம் என்பதும்தான் இந்தத் தொழிலின் தலையெழுத்து.

போகாமலே தெரிந்துகொள்வது

இதைக் கம்ப்யூட்டர் மாணவர்கள் 40 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கோகோ கோலா மெஷின் இருந்தது. நடந்து போய்ப் பார்த்தால் காலியாக இருக்கும், அல்லது பாட்டில் சூடாக இருக்கும். எனவே 1980-களின் தொடக்கத்தில் மெஷினின் விளக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்தவர்களும் இதைப் பார்க்கலாம்!

இன்றைய ஆபரேட்டர் செய்வதும் இதைத்தான். மெஷின் தன் விற்பனை விவரத்தை சர்வருக்கு அனுப்புகிறது. எந்தச் சுருளில் எத்தனை பாக்கெட் மீதி என்று தெரிந்த பிறகே வண்டி கிளம்புகிறது. நம் கணக்கில் 13 பயணம் 8 ஆகக் குறைந்தால் மாதம் ரூ.500 மிச்சம். 100 மெஷின் வைத்திருப்பவருக்கு ரூ.50,000. ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவரைவிடப் பெரிய ஆபரேட்டருக்கு லாபம் ஏன் எளிதாக வருகிறது என்று இப்போது புரியும்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 2000-இல் சுமார் 56 லட்சம் தானியங்கி மெஷின்கள் இருந்தன. 2023-இல் அது 40 லட்சத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. இப்போதும் சுமார் 30 பேருக்கு ஒரு மெஷின் என்ற அளவில் இருக்கிறது. ஆனால் நிரப்புவதற்கு ஆள் கிடைப்பது அங்கே கடினமாகிவிட்டது. எனவே விற்காத இடத்து மெஷினை எடுத்துவிட்டு, விற்கும் இடத்துக்கு மட்டும் குறைந்த பயணத்தில் போய்வரப் பார்க்கிறார்கள்.

கேமராவும் விலையும்

அடுத்த மாற்றம், சுருளே இல்லாத மெஷின். பணம் கட்டும் வசதியைக் காட்டினால் பூட்டு திறக்கும். நீங்களே கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். என்ன எடுத்தீர்கள் என்பதை உள்ளே இருக்கும் கேமராவும் எடை சென்சாரும் கண்டுபிடித்து, பணத்தைக் கழித்துக்கொள்ளும்.

கேமரா வந்ததும் கேள்வியும் வந்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஒரு மிட்டாய் மெஷினின் திரையில் எர்ரர் விண்டோ தோன்றியது, நம் கம்ப்யூட்டரில் வருவது போலவே. அதில் இருந்த பைல் பெயரில் "முக அடையாளம்" என்று பொருள்படும் சொற்கள் இருந்தன. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். எதிரில் ஆள் நிற்கிறாரா என்று மட்டுமே பார்க்கிறோம், படம் எதையும் சேமிப்பதில்லை என்று நிறுவனம் விளக்கியது. ஆனாலும் மெஷின்களை அகற்றும்படி பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

விலையை நேரத்துக்கு ஏற்ப மாற்றுவதும் சாப்ட்வேருக்கு எளிது. வெயில் நாளில் குளிர்பானத்தின் விலையை மெஷினே கூட்டலாம் என்ற யோசனையை 1999-இல் கோகோ கோலாவின் அன்றைய தலைவர் டக்ளஸ் ஐவெஸ்டர் பேசினார். மக்களிடம் கடும் எதிர்ப்பு கிளம்பியதால் நிறுவனம் பின்வாங்கியது. முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் செய்துவிட முடியாது.

பணம் போடும் முன்

நண்பன் ஒருவனின் அப்பா ஓய்வு பெற்றபோது, "வேலையே செய்ய வேண்டாம், மாதா மாதம் வருமானம்" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து, கிடைத்த பணத்தில் ஐந்து மெஷின் வாங்கக் கிளம்பினார். நான் அவரோடு உட்கார்ந்து மேலே சொன்ன எக்ஸெல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "இடம் எங்கே என்று அவர்கள் இன்னும் சொல்லவே இல்லையே தம்பி" என்றார். இடத்தை எழுத்தில் கேட்டார். பதில் வரவில்லை. பணம் வங்கியிலேயே இருக்கிறது.

இத்தகைய ஆசை காட்டல் புதிதல்ல. 1998-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், மாநில அதிகாரிகளுடன் சேர்ந்து வெண்டிங் மெஷின் வியாபார மோசடிகள் மேல் ஒரே நேரத்தில் நடவடிக்கை எடுத்தது. பொய்யான வருமானக் கணக்கைக் காட்டி மெஷின் விற்பதுதான் அந்த மோசடிகளின் வழி.

எனவே யாராவது உங்களிடம் மெஷின் விற்க வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

* இடம் எது? அங்கே தினமும் எத்தனை பேர் வருகிறார்கள்? இடத்துக்காரருடன் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உண்டா?
* ஏற்கெனவே நடக்கும் மெஷினின் விற்பனை விவரத்தை சர்வரிலிருந்து நேரடியாகக் காட்ட முடியுமா?
* பழுது ஏற்பட்டால் எத்தனை நாளில் ஆள் வருவார்? உதிரி பாகம் இங்கே கிடைக்குமா?
* புதிய நோட்டு வந்தால் சாப்ட்வேரைப் புதுப்பிப்பது யார் செலவு?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். மெஷினுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது, அது ஒவ்வொரு விற்பனையையும் குறித்து வைக்கிறது. நன்றாக விற்கும் மெஷினை வைத்திருப்பவர் அந்தக் கணக்கைக் காட்டத் தயங்க மாட்டார். காட்டும் எண்ணை எக்ஸெல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தால் மட்டும் அடுத்த பேச்சைத் தொடங்குங்கள்.