சேற்றில் புதைந்த கனரக வண்டிகளைப் புல்டோசரால் மீட்டல்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால், வயலில் இறங்கிய கனமான வண்டி புதைந்துவிட்டது என்ற செய்தி ஏதேனும் ஒரு கிராமத்திலிருந்து வந்தவண்ணம் இருக்கும். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்துக் காவேரிப் பாசன நஞ்சையில் அது கரும்பு லாரியாக இருக்கும். மேட்டுக் காட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியாக இருக்கும். ரிக் வண்டி புதைவதற்கு மழைகூட வேண்டுவதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து தேசமெங்கும் செல்லும் இவ்வண்டி கெட்டியான நிலத்தில் நின்றுதான் துளையிடத் தொடங்குகிறது. ஊற்றுக்கண் திறந்ததும் காற்றழுத்தத்தால் பீறிட்டு எழும் தண்ணீர் சுற்றுப்புறத்தைச் சேறாக்கிவிடும். நிலக்காரர் தண்ணீர் கண்ட சந்தோஷத்தில் இருக்க, வண்டி தான் எடுத்த தண்ணீரிலேயே அமிழத் தொடங்கும்.

இத்தருணத்தில் ஊரிலுள்ள டிராக்டர்கள் இரண்டு மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி இழுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இது மிக அபாயமானது. டிராக்டரின் பின்னச்சுக்கு மேலாகச் சங்கிலியைக் கட்டி வேகமாக இழுத்தால், முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி பின்புறமாக ஓட்டுபவர்மீதே கவிழும். கண்மூடித் திறப்பதற்குள் அது நடந்துவிடுமாதலால் குதித்துத் தப்புவதற்கு அவகாசமில்லை. லாரிக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. இவ்வேலைக்கு ஏற்றது சங்கிலிப் பட்டையில் ஊரும் புல்டோசரே.

சங்கிலிப் பட்டை உழவுக்காகப் பிறந்தது என்பதை நம் குடியானவர்கள் அறிந்துகொள்வது நலம். கலிபோர்னியாவின் கழிமுக நிலங்களில் கனமான நீராவி யந்திரங்கள் புதைந்துபோனதால், பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரங்களுக்குப் பதிலாகப் பட்டையை மாட்டி 1904-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சோதித்தார். பிறகு அது யுத்தத்துக்குப் போயிற்று. 1944-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி நார்மண்டிக் கரையில் இறங்கிய சேனைகள் கவசமிட்ட புல்டோசர்களைக் கூடவே கொண்டுசென்றன. அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு 1945-ல் திறக்கப்பட்ட சாலையும் இவ்யந்திரங்களால் வெட்டப்பட்டதே. யுத்தம் முடிந்தபின், அமெரிக்கப் படை இந்தியாவில் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு, 1947-ல் ஏற்பட்ட மத்திய டிராக்டர் ஸ்தாபனம் மத்திய இந்தியாவில் காஸ் என்னும் நாணற்புல் மண்டிய நிலங்களை உழுது மீட்டது. அவ்வேலையை விரிவாக்க 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடனும் கொடுத்தது. வயலில் பிறந்தது வயலுக்கே திரும்பிற்று.

இதன் சூட்சுமம் பாரத்தைப் பரப்புவதில் இருக்கிறது. பாரமேற்றிய லாரியின் டயர் நிலத்தை ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பவுண்டு வீதம் அழுத்தும். பதினைந்து டன் புல்டோசரோ 8 அல்லது 9 பவுண்டு வீதமே அழுத்துகிறது. மனிதன் நடக்கும்போது ஒற்றைக் காலை ஊன்றும் அழுத்தத்துக்கு இது அநேகமாய்ச் சமம்.

ஆயினும் அதன் பலத்துக்கும் எல்லை உண்டு. இராணுவத்தில் மீட்பு வேலை செய்வோர் வைத்திருக்கும் கணக்கு இது: சக்கரத்தின் நடுக்குடம் வரையில் புதைந்த வண்டியை அசைக்க அதன் முழு எடைக்குச் சமமான இழுவை வேண்டும், மட்கார்டு வரையில் புதைந்தால் இரண்டு மடங்கு, ஓட்டுநர் அறை வரையில் என்றால் மூன்று மடங்கு. ஆகவே குடம் வரையில் புதைந்த 25 டன் ரிக்குக்கு 25 டன் இழுவை வேண்டும். பதினைந்து டன் புல்டோசர் காய்ந்த கெட்டி நிலத்தில் நின்றால் அதிகபட்சம் 12 டன் இழுக்கும். ஈரக் களியில் அதில் பாதியும் சந்தேகம். கட்டியவுடன் இழுக்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள்.

ஆதலால் மண்வெட்டி வேலை முதலில், இழுவை பின்பு. ரிக்கின் கோபுரத்தைத் தாழ்த்தி, குழாய்த் தண்டுகளை இறக்குக. லாரியானால் கரும்பை இறக்குக. தேங்கிய நீருக்கு வாய்க்கால் வெட்டி வடியவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னும் சரிவாக மண்ணை அகற்றி, அச்சுக்கடியில் அடைந்த களியையும் தோண்டிப் பலகையோ தென்னந்துண்டுகளோ இடுக. வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுப்பது பெரும்பாலும் எளிது. வடத்தைச் சேசிஸ் சட்டத்தில் கட்ட வேண்டுமேயன்றிப் பம்பரில் கட்டலாகாது. இதற்கும் அசையாவிடில், புதைந்த வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தின் ஒரு நுனியை வைரம் பாய்ந்த புளியமரத்திலும் மறுநுனியைப் புல்டோசரிலும் கட்டினால், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தென்னையின் வேர் ஆழமற்றது. அதில் கட்ட வேண்டாம். வடம் விறைக்கும் வரையில் ஊர்ந்துசென்று, பின் ஒரே சீராக இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுப்பது வடத்தை அறுக்கும் வழி.

வடத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் புதிய கம்பிவடம் ஏறக்குறைய 24 டன் பாரத்தில் அறும். அதில் மூன்றிலொரு பங்காகிய 8 டன்னுக்குமேல் அதன்மீது ஏற்றலாகாது. 12 டன் இழுவைக்கு 26 மில்லிமீட்டர் வடம் தேவை. கம்பியிழைகள் நைந்து மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வடம் எவ்வளவு பருமனாயினும் உதவாது. விறைத்த வடம் அறுந்தால் அரிவாள்போல் வீசும். வடத்தின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கலாகாது. வடத்தைத் தாண்டவும் கூடாது. நனைத்த கோணிகளை வடத்தின் நடுவில் போட்டுவைத்தால் அறுந்தாலும் வேகம் தணியும். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை அப்புறப்படுத்துவது கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய பேருபகாரம். மேலே மின்கம்பியும், கீழே பாசனக் குழாயும் மோட்டார்க் கேபிளும் எங்கே போகின்றன என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்க.

இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட பழைய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவோர் பெயின்டைப் பார்த்து ஏமாறலாகாது. பின்புற விஞ்சின் பிரேக் பாரத்தைப் பிடித்து நிற்கிறதா, பட்டை தொய்ந்திருக்கிறதா என்று இரண்டையும் சோதித்தபின்பே வயலில் இறக்குக. வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசர்கள் நிலச் சீர்திருத்தத்துக்காக மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுபவை. அவை அண்டையில் வேலை செய்தாலும், அலுவலரின் அனுமதியின்றி ஓட்டுநரை அழைத்துச் செல்வது முறையன்று.

வாடகை யார் பொறுப்பு, வரப்பும் பயிரும் அழிந்தால் நஷ்டம் யார் பொறுப்பு என்பவற்றை வடம் கட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி வெளியேறியபின் எழுதக் கேட்டால் கையெழுத்திட ஆள் இருப்பதில்லை. அண்டை நிலத்தின் வழியாகப் போக நேர்ந்தால் அந்நிலக்காரரின் சம்மதமும் அதில் இருக்கட்டும்.

பள்ளங்களை ஈரத்தோடு மூடி உடனே உழுதுவிடுவது தவறு. களி கல்லாகி, அவ்விடத்தில் பல போகம் பயிர் குன்றும். தண்ணீரை வடித்து, மண் பொலபொலவென்று உதிரும் பதம் வரும்வரையில் காத்திருந்து, உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுக. பின் மேல்மண்ணால் பள்ளத்தை நிரப்பி, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக.