ஒட்டுத் தெரியாத அலமாரியைக் கழற்ற முடியுமா?

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கிரகப்பிரவேசம் குறித்துவிட்டவர்களுக்கு இது நெருக்கடியான வாரம். ஆடித் தள்ளுபடி முடியப் போகிறது, அதற்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்று இன்டீரியர் கம்பெனிகள் அவசரப்படுத்துகின்றன. சமையலறை கப்போர்டு, குளியலறை அலமாரி, பூஜை ஷெல்ஃப் எல்லாவற்றையும் சாலிட் சர்ஃபேஸ் பலகையிலேயே செய்துவிடலாமா என்று கேட்கும் கடிதங்கள் குவிகின்றன. அவற்றில் பலருக்கு அது என்ன பொருள் என்பதே தெளிவாக இல்லை. சிலர் குவார்ட்ஸை நினைத்து எழுதுகிறார்கள், சிலர் பிவிசி பலகையை. கடைக்காரர்களோ எந்த நிறுவனத்தின் பலகையையும் ‘கொரியன்’ என்றே சொல்லி விற்கிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட பிராண்டின் பெயர்.

மாடுலர் என்றால் என்ன, எந்த பிளைவுட் தண்ணீர் தாங்கும் என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு அது மனப்பாடம். நான் சொல்ல விரும்புவது, விளம்பரத் தாளில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாக்குறுதிகளைப் பற்றி. ‘மாடுலர்’ என்கிறார்கள். ‘ஒட்டே தெரியாது’ என்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒருவராலும் தர முடியாது.

முதலில் பொருள். 1967-இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்லோகம் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் டிரைஹைட்ரேட், அதாவது பாக்சைட்டிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள். மீதி அக்ரிலிக் பிசின். ‘கல்லுக்கு நிகர்’ என்று தாளில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். தாதுத் தூள் கலந்த பிளாஸ்டிக் இது. கீறல் விழும். அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டியை நேராக வைத்தால் தழும்பு விழும். ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் என்பதால், தேய்த்துவிட்டால் கீறல் போய்விடும். கிரானைட்டுக்கும் லேமினேட்டுக்கும் இந்த வசதி கிடையாது.

‘மாடிஃபைடு அக்ரிலிக்’ என்று எழுதியிருந்தால் அக்ரிலிக்கோடு பாலியெஸ்டர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். விலை குறையும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வெள்ளை சீக்கிரம் பழுக்கும், சூடாக்கி வளைக்கும்போது விரிசல் விடவும் வாய்ப்பு அதிகம். ‘நீர் புகாது’ என்பது பலகையைப் பொறுத்தவரை உண்மை. அதற்குள் மறைந்திருக்கும் பிளைவுட் பெட்டிக்கு அந்த வாக்குறுதி செல்லாது.

இனி இணைப்புக்கு வருவோம். இந்தப் பொருளின் சாமர்த்தியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். மரத்துக்குப் போடும் பசை இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு படலமாக நிற்கும். இங்கே பசையும் அக்ரிலிக்தான், இன்னும் இறுகாத அக்ரிலிக். இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு குழலில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் பெராக்சைடு. முனையில் இரண்டும் கலந்து வெளியே வரும். அது பலகையின் விளிம்பைச் சற்றே இளக்கி, உள்ளே இறங்கி, விளிம்போடு சேர்ந்து இறுகுகிறது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். பிறகு அது இரண்டு பலகை அல்ல, ஒரே பலகை. பசை பலகையின் நிறத்திலேயே வருவதால், நல்ல வேலைக்காரர் தேய்த்து முடித்த இணைப்பை விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை. கிளாம்ப் போட்டதும் இணைப்பின் முழு நீளத்துக்கும் பசை மேலே பிதுங்கி நிற்க வேண்டும். அதை ஈரத்தில் வழித்தெடுக்கக் கூடாது. இறுகும்போது பசை சுருங்கும். பிதுங்கி நிற்கும் மிச்சம் இருந்தால்தான் அங்கே பள்ளம் விழாது. இறுகிய பிறகே ரவுட்டரால் சீவி, உப்புத்தாள் போட்டுப் படிப்படியாகத் தேய்ப்பார்கள். எங்காவது ஓரங்குலத்துக்குப் பசை பிதுங்கவே இல்லை என்றால், அங்கே பசை போதாமல் போய்விட்டதோ என்று சந்தேகப்படுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் சமைத்த பிறகு மஞ்சளும் எண்ணெயும் ஏறி, அந்த ஓரங்குலம் மட்டும் பழுப்புக் கோடாகத் தெரியும்.

இவ்வளவு அழகான இணைப்பு எங்கே இடறுகிறது? மாடுலர் பெட்டிகளைச் சேர்த்துப் பிடிப்பது ஸ்க்ரூ, கழற்றலாம், மாற்றலாம். இந்த இணைப்பைக் கழற்ற வழியே இல்லை, அறுக்கத்தான் வேண்டும். சிங்க்குக்கு அடியில் குழாய் கசிந்து மூன்றாம் வருடம் ஒரு பெட்டி உளுத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாடுலர் சமையலறையில் அந்தப் பெட்டியை மட்டும் உருவி எடுத்துவிடலாம். மேடை, பக்கப் பலகை, பின்சுவர்ப் பட்டி, கீழ் ஸ்கர்ட்டிங் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்ட சமையலறையில், உளுத்த பெட்டியைத் தொட நல்ல மேடையை அறுக்க வேண்டியிருக்கும். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று விற்பனையாளர் சொன்னது அப்போது எப்படி நடக்கும்? அறுத்த பிறகு மறுபடியும் ஒட்டலாம், உண்மைதான். அந்தக் கூலி யார் தலையில் விழும் என்பதை ஆர்டர் தாளில் நான் பார்த்ததே இல்லை. 10 வருட உத்தரவாதம் என்கிறார்கள். பலகைக்கு மட்டுமா, பொருத்திய வேலைக்கும் சேர்த்தா? ஆர்டர் எடுப்பவர் ஒருவர், வீட்டுக்கு வந்து ஒட்டுபவர் வேறொருவர் என்று நடக்கும் தொழிலில் இதைக் கேட்காமல் பணம் கட்டுவது ஆபத்து.

வழி இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வரும் இணைப்புகளைப் பட்டறையிலேயே ஒட்டிவிடட்டும். அங்கேதான் கிளாம்பும் வெளிச்சமும் ஒழுங்காக இருக்கும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில், மேடைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் பசை வேண்டாம். போல்ட் போட்டுச் சேர்த்து, சந்தில் அதே நிற சிலிகான் நிரப்பட்டும். ஒரு மெல்லிய கோடு தெரியும். கம்பெனிக்காரர் அதைக் குறை என்பார். நாளைக்குக் கத்தியை நுழைத்து சிலிகானை அறுத்து, பெட்டியை வெளியே எடுக்க உதவப் போவது அந்தக் கோடுதான்.

அந்தக் கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் இந்தப் பலகை பிளைவுட்டைவிடக் கூடுதலாக நீளும். மார்கழி விடியலில் 20 டிகிரி, அக்னி நட்சத்திர மதியத்தில் 42 டிகிரி என்று வைத்தால், 10 அடிப் பலகை சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சுவரோடு சுவராக இறுக்கி, அடியில் பிளைவுட்டோடு முழுப் பரப்பிலும் எபாக்ஸி போட்டு ஒட்டிவிட்டால் அந்த 2 மில்லிமீட்டர் எங்கே போகும்? பலகையின் பலவீனமான இடத்தைத் தேடும். சமையல் மேடையில் அந்த இடம், பெரும்பாலும் அடுப்புக்காக வெட்டிய துவாரத்தின் மூலை. அந்த மூலையைச் சதுரமாக வெட்டினால் விரிசல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். வளைவாக வெட்டி, வழுவழுப்பாகத் தேய்த்து, சூடு தாங்க அலுமினியப் பட்டை ஒட்ட வேண்டும். பிளைவுட்டின்மேல் சிலிகானை அங்கங்கே வைத்தால் போதும். சுவர்ப்பக்கம் 3 மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லுங்கள்.

எடையையும் மறந்துவிடுகிறார்கள். 12 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல். இரண்டடி அகலம், 720 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு ஷட்டர் ஏறத்தாழ 9 கிலோ வரும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அதே ஷட்டர் ஐந்து கிலோவைச் சுற்றித்தான். இரண்டு கீல் போட்டால் கதவு தொங்கிவிடும், மூன்று வேண்டும். கீலின் ஸ்க்ரூவை மரத்தில் முறுக்குவது போல நேராகப் பலகையில் முறுக்கக் கூடாது. துளையைச் சுற்றி விரிசல் கிளம்பும். பித்தளை இன்செர்ட் பதித்து அதில் முறுக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வரும் நல்ல ஆசாரிகள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

திறந்த ஷெல்ஃபுக்கு 12 மில்லிமீட்டர் போதுமா? இரண்டடிக்கு மேல் போனால் நடுவில் தாங்கல் கொடுங்கள், அல்லது முன்விளிம்பில் பட்டி ஒட்டித் தடிப்பாக்குங்கள்.

பெட்டியின் உள்பக்கமும் இதே பலகை வேண்டுமா? வேண்டாம், காசும் எடையும்தான் கூடும்; குளியலறை அலமாரி மட்டும் விதிவிலக்கு.

மஞ்சள் கறை போகுமா? போகும், உரசல் ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்தால். பளபளப்பான ஃபினிஷ் என்றால் தேய்த்த இடம் தனியாகத் தெரியும், ஆகவே மேட் ஃபினிஷ் வாங்குங்கள்.

கரையான்? பலகையைத் தொடாது, உள்ளே இருக்கும் மரத்தைத் தொடும்.

ஒரு பலகை எவ்வளவு பெரிது? பரவலாகக் கிடைப்பது 3680-க்கு 760 மில்லிமீட்டர். அதைவிட அகலம் கேட்டால் ஒட்டு கட்டாயம்.

குவார்ட்ஸும் இதுவும் ஒன்றா? இல்லை. இதற்கு மட்டும் ஒரு வரி போதாது. குவார்ட்ஸ் பலகையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் படிக சிலிக்கா இருக்கக்கூடும். அதை அறுக்கும் தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. சாலிட் சர்ஃபேஸில் அந்தச் சிலிக்கா பிரச்சினை இல்லை. அதற்காக அதன் தூசி பாதுகாப்பானது என்று விற்பனையாளர் சொல்வதை ஏற்க முடியாது. இந்தத் தூசியைப் பல காலம் சுவாசித்த ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறியதை 2014-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தேய்க்கும் பையனுக்கு முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது. தூசி உறிஞ்சும் இயந்திரமும் சரியான மாஸ்க்கும் கூலியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராவிட்டால் அந்தச் செலவை நீங்களே கொடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எந்த இணைப்பு பசை, எந்த இணைப்பு போல்ட் என்று ஒவ்வொன்றின் மீதும் குறித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் தள்ளுபடி போகட்டும், வேறு ஆளைப் பாருங்கள்.