மூட்டை சுமந்தவர் எழுதிய வரலாறு

“மூட்டை தூக்குகிறவனுக்கு வரலாறு எதற்கு? கரி வெட்டுகிறவனுக்கு ஆவணக் காப்பகத்திலே என்ன வேலை? பட்டம் பெற்ற பேராசிரியர் எழுதட்டும், இவன் படித்துக்கொள்ளட்டும், அது போதாதா?”

இப்படிக் கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முகத்துக்கு நேரே கேட்பவர் சிலர். முறுவலித்தபடி மனத்துக்குள் கேட்டுக்கொள்பவர் பலர்.

அவர்களோடு நாம் வம்புக்குப் போகவில்லை. கொஞ்சம் எங்களோடு வாருங்கள் என்று இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டு நகருக்கு அழைத்துப் போகிறோம். உலகமே தலை நிமிர்ந்து பார்க்கும் பல்கலைக் கழகம் அங்கே இருக்கிறது. அமைச்சர்களும் பெருமக்களும் படித்து வந்த இடம். அந்தக் கோபுரங்களின் நிழலிலே, ஆனால் அந்தப் பல்கலைக் கழகத்துக்குக் கட்டுப்படாமல், உழைப்பவர்க்கென்றே ஒரு கல்லூரி 1899ஆம் ஆண்டு தோன்றியது. ரஸ்கின் கல்லூரி என்று பெயர். தோற்றுவித்தவர்கள் சார்லஸ் பியர்டு, வால்ட்டர் விரூமன் என்னும் இரண்டு அமெரிக்க இளைஞர்கள். அந்தப் பியர்டு பின்னாளில் அமெரிக்காவின் பெயர் பெற்ற வரலாற்றாசிரியர் ஆனார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே!

அந்தக் கல்லூரியின் வாயிலில் வந்து நின்றவர் யார்? சுரங்கத்திலிருந்து வந்தவர், ரயில்வேயிலிருந்து வந்தவர், ஆலையிலிருந்து வந்தவர். தொழிற்சங்கங்கள் பல, தங்கள் பணத்தைக் கொடுத்து அவர்களை அனுப்பின. பதின்மூன்று பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன கைகள், வளர்ந்து காய்த்துப் போன பிறகு மறுபடியும் புத்தகத்தைத் தொட்டன.

வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார்களா? இல்லை. 1909ஆம் ஆண்டு அந்த மாணவர்கள் வகுப்பறையிலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள்! தங்கள் பக்கம் நின்ற கல்லூரி முதல்வர் டென்னிஸ் ஹெர்டை வெளியேற்றியதை எதிர்த்து விரிவுரைகளைப் புறக்கணித்தார்கள். உழைப்பவனுக்குச் சொல்லித் தரும் பொருளியல் உழைப்பவன் நிலையிலிருந்து சொல்லப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தக் கிளர்ச்சியிலிருந்து மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்ற தனி நிலையமே பிறந்தது.

அது பழைய கதை. நாம் சொல்ல வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து நடந்தது.

1962ஆம் ஆண்டு ரபேல் சாமுவேல் என்னும் இளைஞர் அந்தக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. எதிரே அமர்ந்திருந்த மாணவர்களிலோ அவரைவிட மூத்தவர் உண்டு. பல ஆண்டு உழைத்தவர்கள், வேலைநிறுத்தம் நடத்தியவர்கள், சங்கக் கூட்டத்திலே எழுந்து நின்று முதலாளியின் கணக்கைக் கிழித்துக் காட்டியவர்கள். அப்படிப்பட்டவர்களைத் தேர்வு மண்டபத்தில் உட்கார வைத்து, யாரோ எழுதிய பாடநூலின் சுருக்கத்தை ஒப்புவிக்கச் சொன்னது கல்வி முறை. எழுதிய தாளுக்கு மதிப்பெண் விழும். அதன் பிறகு தாள் போகும் இடம் குப்பைக் கூடை! தேர்வு முறை, வயது வந்த மாணவர்க்கு இழைத்த இழிவை எதிர்த்துத் தொடுத்த தாக்குதலாகத்தான் தமது முயற்சி தொடங்கியது என்று பின்னாளில் சாமுவேலே எழுதி வைத்தார்.

அவர் செய்தது என்ன? பாடநூலை மூடி வைத்தார். “பழைய செய்தித்தாளைப் பார். மக்கள் கணக்கெடுப்பு ஏட்டைப் புரட்டு. பார்லிமெண்டு நடத்திய விசாரணைகளின் அறிக்கைகளைப் படி. உன் தொழிலைப் பற்றி, உன் ஊரைப் பற்றி, நீயே தேடு, நீயே எழுது” என்ற வழியைத் திறந்து விட்டார். ஆராய்ச்சி என்பது பட்டம் வாங்கிய பிறகு செய்வது என்ற படிக்கட்டையே புரட்டிப் போட்டார். முதல் படியிலேயே மூல ஆவணம்!

அந்த முயற்சிக்குப் பட்டறை என்றே பெயர் வைத்தார்கள். வரலாற்றுப் பட்டறை. கொல்லன் பட்டறை போல, தச்சன் பட்டறை போல, பலர் கூடி வேலை செய்யும் இடம். 1960களின் பிற்பகுதியில் ஆக்ஸ்போர்டில் கூட்டங்கள் நடந்தன. மாணவர்கள் தாம் தேடிக் கண்டதை மேடையேறிப் படித்தார்கள். புகழ் பெற்ற வரலாற்றாசிரியர்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். வரவர நூற்றுக்கணக்கில் மக்கள் கூடினார்கள்.

ஆனால் பேசியது காற்றோடு போகும். அச்சில் ஏறியதுதான் நிற்கும். ஆகவே 1970ஆம் ஆண்டு தொட்டுச் சிறு வெளியீடுகள் வரத் தொடங்கின. 1974க்குள் பதின்மூன்று. எழுதியவர் யார் யார் என்று பாருங்கள்.

பிராங்க் மெக்கென்னா என்ற ரயில்வே தொழிலாளி, ரயில்காரர்கள் தமக்குள் பேசும் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். பாப் கில்டிங் என்ற பீப்பாய் செய்யும் தொழிலாளி, கிழக்கு லண்டன் பீப்பாய்த் தொழிலாளர் தங்கள் வேலையைத் தாங்களே எப்படிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள் என்பதை எழுதினார். டேவ் டக்ளஸ் என்ற சுரங்கத் தொழிலாளி, டர்ஹாம் மாவட்டத்துச் சுரங்க வாழ்க்கையையும் சுரங்கப் பேச்சையும் எழுதினார். ஜென்னி கிட்டரிங்காம் என்ற பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலில் உழைத்த நாட்டுப்புறப் பெண்களை எழுதினார்.

ஹல் துறைமுகத்திலே மூட்டை சுமந்த டேவ் மார்சன் எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1911ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டனெங்கும் வேலைநிறுத்தத் தீ. துறைமுகத்திலே, கப்பலிலே, ரயிலிலே. வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரில், ஆகஸ்டு 19ஆம் நாள், ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இராணுவம் சுட்டு இருவர் மாண்டனர். இது பெரியவர்களின் கதை. புத்தகங்களில் இடம் பிடித்த கதை. அடுத்த திங்களே, அதே லானெல்லி நகரில், பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு சிறுவனுக்குக் கிடைத்த தண்டனை காரணம். ஊர்வலம் போனார்கள். செய்தி பரவிற்று. சில நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பிள்ளைகள் வேலைநிறுத்தம்! பிரம்படி கூடாது, வீட்டுப் பாடத்தைக் குறை என்பன அவர்களின் கோரிக்கைகள்.

அப்பன் செய்ததைப் பிள்ளை பார்த்தான், பார்த்ததைச் செய்தான். வரலாறு எழுதிய பெரும்புலவர்கள் இதைப் பிள்ளை விளையாட்டு என்று தாண்டிப் போனார்கள். 1973இல் அதைத் தனிச் சிறுநூலாக எழுதியவர் ஒரு துறைமுகத் தொழிலாளி. ஏன் அவர் கண்ணில் பட்டது? வேலைநிறுத்த நாளில் அடுப்பு எப்படி எரியும், பிள்ளை எதைப் பேசிக்கொண்டு பள்ளிக்குப் போகும் என்பதை அறிந்த வீட்டிலிருந்து வந்த கண் அது!

இதைத்தான் நாம் வலியுறுத்துகிறோம். ஆவணம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதனிடம் கேட்கும் கேள்வி ஒன்றல்ல. முதலாளியின் ஏட்டிலே “திங்கட்கிழமை ஆள் வரவில்லை, ஒழுங்கீனம்” என்று இருக்கும். பட்டறைத் தொழிலாளர்களிடையே அந்த நாளுக்குப் “புனிதத் திங்கள்” என்று கேலியாக ஒரு பெயரே இருந்தது. தாமே எடுத்துக்கொண்ட ஓய்வு நாள் அது. ஏட்டை மட்டும் படித்தவன் சோம்பேறியைக் காண்பான். தொழிலை அறிந்தவன், தன் நேரத்தைத் தானே ஆள நினைத்த மனிதனைக் காண்பான்.

“சரி, தொழிலாளி எழுதினால் தொழிலாளிக்குச் சார்பாகத்தானே எழுதுவான்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். முதலாளி வீட்டு விருந்திலே உட்கார்ந்து எழுதியவருக்குச் சார்பு இல்லையா? சார்புக்கு மருந்து வாயை அடைப்பதல்ல, சான்று கேட்பது. அந்தச் சான்றைத்தான் பட்டறை கேட்டது. இது எந்த ஏட்டில் உள்ளது, எந்த நாள், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு போட வேண்டும். ஐயம் கொண்டவன் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். தேர்வுத் தாளில் செய்த பிழையை ஒரே ஒருவர் பார்க்கிறார். அச்சில் வந்த பிழையை ஊரே பார்க்கிறது. ஆகவே அச்சு என்பது மாணவனுக்குத் தரும் பரிசு மட்டுமல்ல, அவன் தோளில் ஏற்றும் பொறுப்பும் ஆகும். நம்மவன் எழுதினான் என்பதற்காகத் தவற்றைத் தட்டிக்கொடுப்பது அவனுக்குச் செய்யும் அன்பு அல்ல. அவனை எதிரியின் கேலிக்குக் காட்டிக்கொடுப்பதாகும்.

1976 வசந்தத்தில் அந்த முயற்சி ஓர் ஆய்வேடாகவே மலர்ந்தது. ‘ஹிஸ்டரி வொர்க்ஷாப் ஜர்னல்’ என்று பெயர், ஆண்டுக்கு இருமுறை. ஒரே ஆசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து ஏற்கவும் தள்ளவும் செய்யும் முறையை விட்டு, பலர் கூடிய குழு அதை நடத்தியது. முதல் இதழிலேயே ரயில்வே தொழிலாளி மெக்கென்னாவின் கட்டுரை! பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குப் போன ஆலன் ஹோக்கின்ஸ், ரஸ்கினில் படித்தவர். ஆசிரியர் குழுவில் அமர்ந்தார், பிறகு பல்கலைக் கழகப் பேராசிரியரும் ஆனார்.

இதெல்லாம் கேட்க இனிக்கிறது. கசப்பையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம்.

அதே பட்டறைக் கூட்டத்தில், பெண்களின் வரலாற்றுக்கென ஒரு கூட்டம் கூட்டுவோம் என்று ஒரு பெண் எழுந்து அறிவித்தாள். அரங்கில் இருந்த ஆண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள்! “உழைப்பவனுக்கு வரலாறு எதற்கு” என்ற கேள்வியில் புண்பட்டவர்களே, “உழைப்பவளுக்கு வரலாறு எதற்கு” என்று சிரித்தார்கள். அந்தப் பெண், ஷீலா ரோபாத்தம். அவரோடு துணை நின்றவர் ரஸ்கின் மாணவி சாலி அலெக்சாண்டர். ஆக்ஸ்போர்டில் ஆண்டுதோறும் நடக்கும் செயின்ட் ஜைல்ஸ் சந்தையின் வரலாற்றை எழுதியவர். சிரிப்பைக் கேட்டு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. 1970 பிப்ரவரி இறுதியில் அதே ரஸ்கின் கல்லூரியில் பெண்கள் கூடினார்கள். பிரிட்டனின் முதல் தேசியப் பெண் விடுதலை மாநாடு அதுவே ஆனது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1982இல், சோஷலிச வரலாற்றாசிரியர்களின் ஏடு என்று இருந்த துணைத் தலைப்பில் பெண்ணிய வரலாற்றாசிரியர்களின் ஏடு என்பதும் சேர்ந்தது. இதைப் படிக்கும் தோழர்கள் ஒரு கணம் நிறுத்தி, நம் கூட்டங்களில் யார் எழுந்தால் யார் சிரிக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றொரு கசப்பு. 1979 இறுதியில் ஆக்ஸ்போர்டில் நடந்த பட்டறையில் பெரும் பேராசிரியர்கள் கோட்பாட்டின் பெயரால் மோதிக்கொண்டார்கள். தொழிலாளி மாணவர் நூல் படித்த மேடையிலே, தத்துவப் புலவர்கள் வாள் சுழற்றினார்கள். ஆய்வேடு உயர்ந்தது, பெயர் பெற்றது. இன்று அதை ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகமே வெளியிடுகிறது. 1995இல் துணைத் தலைப்பு நீங்கிற்று. 1996இல் சாமுவேல் மறைந்தார். ரஸ்கின் கல்லூரி 2021இல் மேற்கு லண்டன் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. ஏடு வாழ்கிறது, நல்ல ஏடாகவே வாழ்கிறது. ஆனால் முதல் இதழின் ரயில்வே தொழிலாளி இருந்த இடம் சிறுகச் சிறுகப் பட்டம் பெற்றவர்களின் இடமாயிற்று. குற்றம் சாட்டவில்லை, கவனிக்கச் சொல்கிறோம். கதவைத் திறந்தால் மட்டும் போதாது, திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளாமல் ஓர் ஆள் நிற்க வேண்டும். சுரங்கமும் சங்கமும் ஆள் அனுப்புவது நின்றால், ஆய்வேட்டில் சுரங்கக்காரன் எழுத்து எங்கிருந்து வரும்?

ஆகவே, தோழர்களே, நாம் கற்க வேண்டியது இதுதான். சங்க அலுவலகத்தின் பரண்மேல் கிடக்கும் தீர்மானப் புத்தகத்தைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். பழைய கூலிச் சீட்டை, நோட்டீசை எடைக்குப் போடாதீர்கள். ஓய்வு பெற்ற மூத்த தொழிலாளியிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை நாளும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்னதையும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள், ஏனெனில் நினைவும் தவறும். வீட்டிலே படிக்கும் பிள்ளை இருந்தால், தேர்வுக்கு மட்டும் எழுதாதே, உன் தெருவைப் பற்றித் தேடி எழுது என்று சொல்லுங்கள். பத்திரிகை நடத்துவோர், அந்தப் பிள்ளையின் எழுத்தைத் திருத்திக் கொடுங்கள், சான்று கேளுங்கள், தேறினால் அவன் பெயரை, அவள் பெயரைப் போட்டே வெளியிடுங்கள்.

நாமும் பள்ளிக்கூடத்தோடு நின்றவர்கள்தாம். கல்லூரி வாயிலைக் கண்டு கூசி நின்ற நாட்கள் நமக்கும் உண்டு. ஹல் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள் ஒன்று, இரண்டு தலைமுறை மறந்துபோன பிள்ளைகளின் ஊர்வலத்தை மீண்டும் உலகறியச் செய்தது என்று படித்தபோது, அந்தக் கூச்சம் நம்மை விட்டுப் போயிற்று.