வசந்தத்தில் திறக்கும் நீச்சல் தொட்டி

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வீட்டுக் கொல்லையில், தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கடி உயர உலோகச் சுவரை வட்டமாக நிறுத்தி, உட்புறம் வினைல் விரித்து அமைக்கும் நீச்சல் தொட்டிகள், இலையுதிர் காலத்தில் உறையிட்டு மூடப்பட்டு, பனிக்காலம் முழுவதும் அப்படியே கிடந்து, அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வரும் மெமோரியல் டே விடுமுறை நாட்களை ஒட்டி மறுபடியும் திறக்கப்படுகின்றன. குழந்தைகளின் அவசரத்தைக் கண்டு மனம் இளகும் பெற்றோர், உறையை உருவிவிட்டுக் குளோரினைத் தாராளமாகக் கொட்டினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அவ்வெண்ணமே பல வியாதிகளுக்கு வாசலாகிறது.

உறையின் மேல் தேங்கிய ஜலம்

உருகிய பனியும் மழையும் இலைகளை ஊறவைத்து, கஷாய நிறத்தில் உறையின் மேல் தேங்கியிருக்கும். வெயில் ஏறியதும் கொசு முட்டையிட ஏற்ற இடம் அதுவே. அமெரிக்காவில் முதன்முதலாக 1999-இல் நியூயார்க்கில் தலைகாட்டிய வெஸ்ட் நைல் காய்ச்சல், இத்தகைய தேக்கங்களில் பிறக்கும் கொசுக்களால் பரவுவதுதான். சில அங்குல ஆழமே ஆனாலும் சிறு குழந்தைக்கு அது பிராண அபாயம். ஆகையால் இலைகளை வலையால் அள்ளி, சிறு பம்பினால் ஜலத்தை இறைத்து அப்புறப்படுத்திய பிறகே, உறையை இருவர் சேர்ந்து மடித்து எடுக்க வேண்டும். கை நழுவினால் அத்தனை அழுக்கும் உள்ளே சரிந்துவிடும்.

குளோரின் எங்கே செலவாகிறது?

விஷயத்தின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. குளோரினுக்குக் கிருமி என்றும் சருகு என்றும் பேதம் கிடையாது. எந்த ஜீவப் பொருளைக் கண்டாலும் அதனோடு கலந்து தன் சக்தியை இழந்துவிடும். அடியில் இலைக்குப்பையும் சேறும் பாசியும் மண்டியிருக்கையில் எத்தனை மருந்து கொட்டினாலும், அது அழுகலுக்கு இரையாகுமேயன்றிக் கிருமிகளைக் கொல்ல எஞ்சாது. வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்த குளோரினே கண்ணைக் கரித்து மூச்சை அடைக்கும் அந்த நெடியை எழுப்புகிறது. நெடி அடித்தால் நீர் சுத்தம் என்று நம்புவது, அநேகமாக உண்மைக்கு நேர்விரோதம்.

ஆகவே நீண்ட பிடியுள்ள வலையால் பெரிய குப்பைகளை முதலில் வாரி, சுவரையும் அடியையும் தூரிகையால் தேய்த்து, படிந்த வண்டலை வடிகட்டிக்கு அனுப்பாமல் நேரே வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும். சிரமத்துக்கு அஞ்சித் தொட்டி முழுவதையும் காலி செய்வது கூடாது. நீரின் பாரம் நீங்கினால் வினைல் சுருங்கும், சுவரும் சாயலாம். நீரின் கார அமில அளவு (pH) 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்பது அவசியம். அது 8-ஐ எட்டினால் குளோரினின் கொல்லும் சக்தி பெரும்பாலும் அடங்கிவிடும். இருவகைக் குளோரின்களை ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும்.

ராக்கூன் விட்டுச் சென்றது

செத்த தவளையையோ எலியையோ கண்டால் ரப்பர் கையுறை அணிந்து வலையால் எடுத்து, இரட்டைப் பையில் கட்டி எறிக. ராக்கூன் என்னும் பிராணியின் மலத்தை அப்படி இலேசாகக் கருதலாகாது. அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் குளோரினால் சாவதில்லை. மனித உடலில் புகுந்த புழுக்களோ மூளையையும் கண்களையும் தாக்கக்கூடியவை. ஈ.கோலை கிருமியைச் சரியான அளவுக் குளோரின் ஒரு நிமிஷத்துக்குள் மாய்த்துவிடும். பேதியைத் தரும் கிரிப்டோஸ்போரிடியமோ அதே ஜலத்தில் ஏழு நாளுக்கு மேலும் உயிர்த்திருக்கிறது. ஆகவே மருந்தை மட்டும் நம்பாமல், மலத்தைக் கையுறை அணிந்து வலையால் அகற்றியாக வேண்டும்.

அடி தெரியும் வரை

வடிகட்டி இடைவிடாது ஓடிக் கலங்கல் மறைய நாட்கள் பல ஆகலாம். அதுவரை பொறுத்திருப்பதற்கு வயிற்றுக் கோளாறு மட்டும் காரணமன்று: அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதலே; கலங்கிய ஜலத்தில் அடியில் கிடக்கும் குழந்தை, அருகில் நிற்பவர் கண்ணுக்கும் புலப்படாது. தொட்டியின் அடி ஓரம்வரை துலக்கமாகத் தெரியும் நாள் வரும்வரையில், ஏணியை எடுத்து அறைக்குள் பூட்டி வைத்திருங்கள்.