பத்துக் குற்றத்தில் ஒன்றுதான் எழுத்துப்பிழை

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் நம் தோழர்கள் சேர்ந்து மாலைப் படிப்பகம் ஒன்றை நடத்தி வருகிறோம். சமுதாயக் கூடத்தின் திண்ணைதான் வகுப்பறை. கடந்த ஆகஸ்ட் மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தமிழ்க் கட்டுரை நோட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பள்ளியில் கொடுத்த தலைப்பு: 'எங்கள் ஊரின் குடிநீர்'.

முதல் நோட்டு ஒரு பையனுடையது. பத்துக்கு எட்டு மதிப்பெண். குறளில் தொடங்கி, நீரின் பெருமை, நதிகளின் பெயர்கள், மழைநீர் சேமிப்பு, 'ஆகவே நீரைக் காப்போம், நாட்டைக் காப்போம்' என்று முடிந்திருந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று பக்கத்தில் அவனுடைய ஊரும் இல்லை, அந்த ஊரின் குடிநீரும் இல்லை. நோட்ஸ் புத்தகத்தில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தான்.

இரண்டாவது நோட்டு ஒரு பெண் பிள்ளையுடையது. பத்துக்கு இரண்டு. அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். "எங்க காலனில மினி டேங்க் ரெண்டு இருக்கு. ஒண்ணுல மோட்டார் ஓடாது. இன்னொன்னுல காலைல தண்ணி வரும். அரை மணி நேரந்தான் வரும். ஊர்த் தெருவுல ரெண்டு வேளையும் வரும். அம்மா வேலைக்குப் போறதால நான்தான் புடிச்சு வெச்சிட்டு வருவேன். அதனால லேட்டு" என்று போனது அது. 'ரெண்டு', 'ஒண்ணு', 'புடிச்சு', 'லேட்டு' எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'பேச்சு வழக்கு, முன்னுரை எங்கே?' என்று ஒரு குறிப்பு.

அந்தப் பிள்ளை எழுதிய ஆறு செய்திகளில் ஒன்றைப் பற்றியும் அந்தச் சிவப்பு மை எதுவும் கேட்கவில்லை. மோட்டார் ஏன் ஓடவில்லை, ஊர்த் தெருவுக்கு மட்டும் எப்படி இரண்டு வேளை என்று ஒரு கேள்விகூட இல்லை. பள்ளிக்கு ஏன் தினமும் தாமதமாக வருகிறாள் என்பதற்கான விடை அந்த நோட்டிலேயே இருந்தது. அதுவும் வாசிக்கப்படவில்லை. வட்டம் போடப்பட்டது, அவ்வளவுதான்.

நாங்கள் அந்த ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஒரே இரவில் நாற்பது நோட்டுத் திருத்துகிறவருக்குக் கண்ணில் முதலில் படுவது எழுத்துப்பிழைதான். நேரில் போய்ப் பேசினோம். பொறுமையாகக் கேட்டார். "பரீட்சைக்கு இது உதவாதே" என்றார். அந்தப் பதிலில் இருந்துதான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நன்னூல் போட்ட அளவுகோல்

தகவல் சொல்லும் எழுத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு வெளியில் எங்கும் போய் அளவுகோல் வாங்க வேண்டியதில்லை. தமிழ் படித்த எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒன்று நன்னூலின் பாயிரத்தில் இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த இலக்கண நூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை.

இந்தப் பத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சொல்லில் வரும் பிழையைப் பற்றிப் பேசுவது ஒன்றே ஒன்று, வழூஉச்சொல் புணர்த்தல். மீதி ஒன்பதும் சொல்ல வந்த செய்தியைப் பற்றியவை. போதுமான அளவு சொன்னாயா, தேவைக்கு மேல் சொன்னாயா, முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாயா, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றுக்குப் போனாயா, கடைசியில் படிப்பவனுக்கு என்ன பயன் என்றுதான் அந்த ஒன்பதும் கேட்கின்றன.

இந்த அளவுகோலை அந்த இரண்டு நோட்டுகளுக்கும் வைத்துப் பார்த்தோம். எட்டு மதிப்பெண் வாங்கிய கட்டுரையில் சொற்பிழை இல்லை. ஆனால் ஊரின் குடிநீரைக் கேட்டால் நதிகளைச் சொல்வது மற்றொன்று விரித்தல். நீரே உயிர் என்பதை நான்கு விதமாகச் சொல்வது கூறியது கூறல். பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிவிக்காதது நின்று பயனின்மை. பத்தில் நான்கு குற்றம். இரண்டு மதிப்பெண் வாங்கிய அரைப் பக்கத்தில் வழூஉச்சொல் உண்டு. அதோடு குன்றக் கூறலும் உண்டு. அவ்வளவுதான்.

நட்டம் அந்தப் பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லை. எட்டு வாங்கிய பையனும் நம் காலனிப் பையன்தான். தன் தெருவைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று அவன் கற்றுக்கொண்டான். தன் தெருவைப் பற்றித் தெரிந்ததை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று அவள் கற்றுக்கொண்டாள். இரண்டு பாடமும் ஒரே நாளில் நடந்தன.

நாங்கள் வாங்கிய முட்டை

இதை மற்றவர்கள் பக்கம் மட்டும் தள்ளிவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதை ஆக்கிரமிப்பு பற்றி மனு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே. 'காலங்காலமாக', 'ஈவிரக்கமின்றி', 'மனித மாண்பைக் குழிதோண்டிப் புதைத்து' என்று இரண்டு பக்கம் எழுதினோம். தமிழ் முதுகலை படித்த கை அல்லவா, பிழையே இல்லை. மனு திரும்பி வந்தது. புல எண் இல்லை, பாதையின் நீளம் அகலம் இல்லை, எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம் வரை மறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் இல்லை என்று ஒரு வரிப் பதில். அலுவலகத்தின் மீது கோபம் வந்தது. ஆனால் அந்த ஒரு வரியில் நியாயம் இருந்தது. எங்கள் மனுவுக்கு நன்னூலார் மதிப்பெண் போட்டிருந்தால் முட்டைதான்.

தகவல் எழுத்து நம் மக்களுக்கு வகுப்பறைப் பயிற்சியோடு முடிவது இல்லை. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. புகாரில் 'கேவலமாகத் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? எந்த இடம், எத்தனை மணி, என்ன சொல், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பது இல்லையென்றால் வழக்கு தொடக்கத்திலேயே தளர்ந்துபோகும். அங்கே குன்றக் கூறலின் விலை மதிப்பெண் இல்லை, நீதி.

நம் உரிமை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமின்மை, அடிமைநிலை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை எல்லாவற்றையும் அது எடுத்து வைத்தது. 1892இல் பிறந்த அரசாணைக்கு அந்த அறிக்கை அடிப்படையானது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடுவது அதன் வழி வந்த நிலம்தான். அடுத்த ஆண்டே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்மைப் பற்றிய தகவலை அடுத்தவர் எழுதக் காத்திராமல் நாமே எழுத வேண்டும் என்பது அவர்கள் போட்ட பாதை.

இரக்க மதிப்பெண்ணும் வேண்டாம்

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. நம் தோழர்கள் சிலர் அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு "ஆகா, இதுவல்லவோ எழுத்து, இதற்குப் பத்துக்குப் பத்து" என்றார்கள். கண்ணில் நீர் விட்டவரும் உண்டு. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாவம் பார்த்துப் போடும் மதிப்பெண்ணும் பிள்ளையைச் சரியாக வாசிக்காமல் போடும் மதிப்பெண்தான். அவள் எழுத்தில் குறை இருந்தது. எத்தனை வீடு என்று இல்லை. மோட்டார் எப்போதிருந்து ஓடவில்லை என்று இல்லை. ஊர்த் தெருவில் இரண்டு வேளை வருவதை அவளே பார்த்தாளா, யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை.

அந்தக் கேள்விகளை எழுதி அவள் கையில் கொடுத்தோம். "ஒரு வாரம் எடுத்துக்கொள், தெரியாததை எழுதாதே" என்றோம்.

ஒரு வாரம் என்றது மூன்று வாரம் ஆனது. வீடு வீடாகப் போய் எண்ணினாள். 64 வீடு. ஏழு நாள் தண்ணீர் விடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் பழைய நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தாள். அதிகபட்சம் 35 நிமிடம், குறைந்தபட்சம் 10 நிமிடம், இரண்டு நாள் சுத்தமாக வரவில்லை. ஊர்த் தெருவில் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் வீட்டுக் குழாய்க்கு அதே ஏழு நாள் குறித்துக் கொடுத்தாள். மோட்டார் எப்போது நின்றது என்று கேட்டபோது மூன்று வீட்டில் பொங்கலுக்கு முன்பே என்றார்கள். டேங்க் ஆபரேட்டர் சித்திரையில்தான் என்றார். "இதுல எது உண்மைன்னு எழுதறது?" என்று எங்களிடம் வந்து நின்றாள். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்பதையும் எழுது என்றோம். அந்த ஒரு பதிலை விளங்க வைத்தது, எங்கள் படிப்பகத்தில் அந்த மாதம் நடந்த பெரிய பாடம்.

மூன்றாவது முறை எழுதியபோதுதான் ஒற்றுப்பிழையையும் ல, ள, ழ வேறுபாட்டையும் திருத்தினோம். எழுத்துப்பிழை முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பிழையோடு போகும் மனுவைப் பார்த்து எழுதியவரை எடைபோடும் கண்கள் அலுவலகங்களில் இன்னும் உண்டு. அதனால் திருத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அதன் இடம் கடைசி. செய்தி நிற்காத இடத்தில் எழுத்தைத் திருத்துவது, சுவர் எழும்பும் முன் வெள்ளை அடிப்பது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

தகவல் கட்டுரைக்குப் பத்து மதிப்பெண் என்றால் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். செய்தி உண்மையா, போதுமானதா, எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு நான்கு. முறையாக வைத்திருக்கிறதா என்பதற்கு இரண்டு. படிப்பவருக்குப் பயன்படுமா என்பதற்கு இரண்டு. மொழிக்கு இரண்டு. நோட்டைத் திருத்தும்போது ஒரு வட்டத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி எழுதுங்கள். 'எத்தனை வீடு?' என்று ஓரத்தில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கே எண்ணப் போயிருப்பாள்.

பரீட்சைக்கு உதவாது என்பதும் சரியில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் புகார்க் கடிதம் உண்டு, படிவம் நிரப்புதல் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு எழுதும் கடிதம் பாடநூலிலேயே இருக்கிறது. அதையும் மனப்பாடக் கடிதமாக்கி, எரியாத விளக்கு எந்தக் கம்பத்தில் என்று கேட்காமல் விட்டது நாம்தான்.

இன்னொன்று. பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயர் திருத்துபவருக்குத் தெரியாது. பள்ளித் தேர்வில் பெயரும் தெரியும், தெருவும் தெரியும். பருவத் தேர்விலாவது பெயரை மறைத்துத் திருத்தலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு நோட்டை மாற்றிக்கொள்ளலாம். செலவில்லாத காரியம்.

அந்தக் கட்டுரை அக்டோபர் 2 கிராம சபையில் மனுவாகப் போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள் என்பதால் அவளுடைய அம்மா கையெழுத்துப் போட்டார். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வாசித்தார். அவள் கூடத்துக்கு வெளியே நின்றாள். வழக்கமாக 'பார்க்கலாம்' என்று முடியும் பேச்சு அன்று முடியவில்லை. ஏழு நாள் கணக்கை வாங்கிப் பார்த்த ஊராட்சிச் செயலாளர் "யார் எழுதியது?" என்று கேட்டார். தீர்மானப் புத்தகத்தில் 64 வீடு என்ற எண்ணோடு பதிவானது.

இதை எழுதும் நாள் வரை மோட்டார் ஓடவில்லை. பள்ளி நோட்டில் அந்த இரண்டு மதிப்பெண் அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் தண்ணீர் நேரத்தைக் குறிப்பதை நிறுத்தவில்லை. போன வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் 'மோட்டார் ஓட ஆரம்பித்த தேதி' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.