புதிதாய் வந்த சிறு கோழிகள்

சந்தையிலிருந்து கூடையில் கொண்டுவந்த கோழிகளை முற்றத்தில் திறந்துவிட்டு, பிள்ளைகள் சூழ நின்று வேடிக்கை பார்ப்பது நம் இல்லங்களில் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அவ்வாறே செய்தோம். ஒரு சேவலும் இரு பெட்டைகளுமாக மூன்று பேண்டம் கோழிகளை வாங்கி வந்து, அன்று மாலையே பழைய நாட்டுக் கோழிகளோடு சேர்த்துவிட்டோம். பத்து நாள்களுக்குள் வெள்ளைக்கழிச்சல் கண்டு, பழையவையும் புதியவையுமாக ஒன்பது கோழிகள் மாண்டன. குஞ்சிலிருந்து தன் கையால் தீனியிட்டு வளர்த்த பெட்டையைக் குழியில் இட்டபோது என் இளைய மகள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. விற்றவரை நொந்து பயனில்லை, அவசரம் எங்களுடையது.

பேண்டம் என்பது தனியோர் இனமன்று; உருவில் சிறிய கோழிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். ஜாவாத் தீவின் மேற்கிலுள்ள பாந்தன் துறைமுகத்தின் பெயரே இவ்வாறு வழங்கலாயிற்று. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு கிலோ எடையைத் தாண்டுவதில்லை. ஆனால் சேவலின் வீறாப்புக்கு மட்டும் எடைக்கல் கிடையாது!

மறு ஆண்டு மீண்டும் வாங்கியபோது, கால்நடை மருத்துவர் கூறியபடி, புதியவற்றுக்கு வீட்டின் மறுபுறத்தில் தனிக் கூடு அமைத்தோம். நோய்க் கிருமி உடலில் புகுந்த பின்னும் கோழி பல நாள்கள் நலமாகவே தோன்றும். வெள்ளைக்கழிச்சலில் இது இரண்டு வாரம் வரையிலும் நீளக்கூடும். ஆகவே முப்பது நாள்கள் பிரித்து வைத்தல் நன்று. தண்ணீர்ச் சட்டியும் தீனித் தட்டும் தனித்தனியே இருத்தல் வேண்டும். முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, பின்னரே புதியவற்றிடம் செல்லவேண்டும். திரும்பியதும் கை கால்களைக் கழுவவேண்டும். இதில்தான் பலரும் தவறுகின்றனர்.

வந்த நாளில் கோழிக்கு முதலில் வேண்டுவது தண்ணீர், தீனி அடுத்ததே. சிறிது வெல்லம் கரைத்துக் கொடுத்தால் பயணக் களைப்புத் தணியும். விற்றவர் எத்தீனி கொடுத்தார் என்று கேட்டறிந்து, அதையே சில நாள் கொடுத்து, சிறுகச் சிறுக நம் கம்புக்கும் குருணைக்கும் மாற்றலாம். அதன்பின் அவற்றைச் சும்மா விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதுவே கடினம்! எங்கள் வீட்டில் இரண்டு நாள் கூட்டின்மேல் பழைய சேலையொன்றைப் போர்த்தி வைத்தோம்.

மூன்றாம் நாள் மெல்லப் பிடித்து, இறக்கையின் அடியிலும் வாலின் கீழும் பேன் உள்ளதா எனப் பார்த்தோம். கால்களில் இறகு முளைத்த வகையாயின் தரை ஈரமின்றி இருத்தல் இன்றியமையாதது. கால் செதில்கள் தூக்கி நின்றால் உண்ணிப் பூச்சி உள்ளே இருக்கிறது என அறிந்து, எண்ணெய் தடவிவரவேண்டும். தடுப்பூசியை நலமான கோழிக்கே போடவேண்டும். நோய் கண்டபின் போடுவதில் பயனில்லை.

கூட்டைத் தம் வீடென்று அவை உணர ஒரு வாரமேனும் ஆகும். அதற்குமுன் திறந்துவிட்டால், உடல் இலேசானதால் முருங்கை மரத்தில் ஏறி அமர்ந்துவிடும்; இரவில் மரநாய்க்கு இரையாகும். முதன்முதல் திறக்கும்போது, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில், தீனி வைக்குமுன் திறந்தோம். பசியே அவற்றைத் திரும்ப அழைத்து வந்தது.

முப்பது நாள் கழிந்தபின், இடையில் கம்பி வலை கட்டி இரு கூட்டத்தையும் ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்கச் செய்தோம். பின்பு ஓர் இரவில் புதியவற்றைப் பழையவற்றின் அருகே அமர்த்தினோம். விடிந்ததும் கொத்தல் இருக்கத்தான் செய்தது. தீனித் தட்டு இரண்டு வைத்ததால் இரத்தம் வரவில்லை.

இடம் மாறிய பெட்டைகள் ஐந்து வாரம் முட்டையிடவேயில்லை. பின்னர் ஒன்று அடைக்கு அமர்ந்தது. நாட்டுக் கோழி முட்டைகள் ஐந்தை வைத்தோம். இருபத்தொன்றாம் நாள் நான்கு பொரித்தன. இன்று அக்குஞ்சுகள் தாயைவிடப் பெரியவை. இருந்தும் மழை வந்தால் அதன் இறக்கையடியில் தலையை நுழைக்கின்றன.