கரகர ஃபேனுக்கு குட்பை!

மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற யாரையாவது தூக்கத்துல எழுப்பி, 'பேரிங் லைஃப் ஃபார்முலா என்ன?'னு கேளுங்க. பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைப் பார்க்காமலே ஒப்பிப்பாங்க. 'லோடு ரெண்டு மடங்கானா, பால் பேரிங்கோட ஆயுள் எட்டுல ஒரு பங்கா குறையும்'னு விளக்கம்கூட கொடுப்பாங்க. அதே ஆளைக் கூப்பிட்டு, தலைக்கு மேல கரகரன்னு கத்துற ஃபேனைக் காட்டி 'இதைச் சரி பண்ணு'ன்னா..? 'எலக்ட்ரீஷியனுக்கு போன் போடலாம்டா!'

மார்க் ஷீட்டுக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற இந்தப் பள்ளத்தைத் தாண்ட பெரிய லேப் எல்லாம் வேண்டாம். வீட்டுல இருக்கிற ஒரு சீலிங் ஃபேன் போதும். ஆர்ட்ஸ், காமர்ஸ் மக்களே, நீங்களும் வாங்க... இதுக்கு டிகிரி தேவையில்லை!

வியாதி என்ன?

நிமிஷத்துக்கு 350 சுற்று, தினமும் 10 மணி நேரம்னு கணக்கு போட்டா, ஒரு ஃபேன் வருஷத்துக்கு 7 கோடியே 60 லட்சம் தடவைக்கு மேல சுத்துது. அந்த உழைப்பைக்கூட பேரிங் தாங்கிடும். கிரீஸ் காய்ஞ்சு போறதும், தூசி, ஈரம் உள்ளே போறதும்தான் பெரும்பாலும் அதுக்கு எமன்.

ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு இறக்கையைக் கையால சுத்திப் பாருங்க. மணல் அரைக்கிற மாதிரி நறநறன்னா பேரிங் காலி. கையால சுத்தினா லேசா சுத்துது, ஆனா கரென்ட்ல மெதுவா ஓடுதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது கப்பாசிட்டரை. தேங்காய் எண்ணெய் ஊத்துற பாட்டி வைத்தியம் நாலு நாள் சத்தத்தை அடக்கும். அப்புறம் அந்த எண்ணெயே தூசியோட சேர்ந்து பிசினாகிடும்.

நம்பர்ல இருக்கு மேட்டர்

பழைய பேரிங்ல 6202 ZZன்னு ஏதாவது பொறிச்சிருக்கும். அதுதான் அதோட ஜாதகம். கடைசி ரெண்டு எண் உள் துளையைச் சொல்லும். 00ன்னா 10 மில்லிமீட்டர், 01ன்னா 12, 02ன்னா 15, 03ன்னா 17. 04ல இருந்து 5ஆல பெருக்கிக்கலாம். ZZன்னா ரெண்டு பக்கமும் தகர மூடி; 2RSன்னா ரப்பர் சீல். பழசைக் கையோட எடுத்துட்டு, மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன்கிட்ட காட்டி வாங்குங்க. அட்டைப் பெட்டியில பெரிய கம்பெனி பேரு, விலை மட்டும் அநியாயத்துக்குக் கம்மின்னா... உஷார், டூப்ளிகேட்டா இருக்கலாம்!

கழட்டு... மாட்டு!

முதல் வேலை, மெயினை அணைக்கிறது. ஸ்விட்ச் மட்டும் போதாது. டெஸ்டர் வெச்சு செக் பண்ணுங்க. வயர் இணைப்பை செல்போன்ல போட்டோ எடுங்க. இறக்கையிலயும் அது உட்கார்ற இடத்துலயும் 1, 2, 3ன்னு மார்க் பண்ணுங்க. மாறிப் போனா ஃபேன் ஆடும். இறக்கும்போது கீழே இன்னொரு ஆள் கட்டாயம்.

மூடியைத் திறந்தா, நடுவுல சுருளோட இருக்கிற தண்டுல பேரிங் இறுக்கமா உட்கார்ந்திருக்கும். புல்லர் வெச்சு இழுங்க. சுத்தியலால அடிச்சா, கடினமான அந்த இரும்பு தெறிக்கலாம். கண்ணாடி போட்டுக்கோங்க. சுருள்ல கீறல் விழாம பார்த்துக்கோங்க.

புதுசு போடும்போது ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமா உட்காருதோ, அதுல மட்டும்தான் தட்டணும். தண்டுல ஏத்தும்போது உள் வளையத்து அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வெச்சு மெதுவா தட்டுங்க. வெளி வளையத்துல அடிச்சா, அந்த அடி குண்டுகள் வழியா போய் உள்ளே பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே கத்தும்! மூடி போட்ட பேரிங்ல கிரீஸ் ஏற்கெனவே இருக்கு. பெட்ரோல்ல கழுவாதீங்க.

திரும்ப மாட்டும்போது, போல்ட்டுக்குக் குறுக்கே போற சின்ன ஸ்பிளிட் பின்னை மறந்துடாதீங்க. துருப்பிடிச்சிருந்தா புதுசு போடுங்க. சில ரூபாய் சமாச்சாரம். ஆனா, ஃபேன் தலையில விழாம காப்பாத்துறது அதுதான்.

குட்டி ஒர்க்‌ஷாப்

ஒரு பழைய மர மேஜை, அதுல ஒரு பெஞ்ச் வைஸ், ஸ்பானர் செட், ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல், டெஸ்டர், சின்ன புல்லர், வெர்னியர். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. ஒவ்வொரு ரிப்பேருக்கும் என்ன தேவையோ, அதை மட்டும் சேருங்க. புல்லரை நாலு நண்பர்கள் சேர்ந்துகூட வாங்கலாம். ஹாஸ்டல் ஃபேன்ல கைவைக்கிறதுக்கு முன்னாடி வார்டனைக் கேளுங்க.

ஒரு குட்டித் தகவல்... ஸ்வீடன்ல, கோதன்பர்க் நகரத்து நூற்பாலையில இன்ஜினீயரா இருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். தண்டுகள் கோணலாகி பேரிங் அடிக்கடி பழுதானதைப் பார்த்து, தானா சரி பண்ணிக்கிற பேரிங்கை வடிவமைச்சார். 1907ல எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்தது. தொல்லை கொடுத்த ஒரு பேரிங்கை அவர் சும்மா விடலை, அவ்வளவுதான்!

இன்டர்வியூல 'நீயா என்ன செஞ்சிருக்கே?'னு கேட்டா, காப்பியடிச்ச புராஜெக்ட்டைச் சொல்லித் திணறுறதை விட, 'எங்க வீட்டு ஃபேனை நான்தான் சரி பண்ணினேன் சார்'னு தைரியமா சொல்லலாம். ஏன், எப்படின்னு எத்தனை கேள்வி வந்தாலும், பதில் உங்க கையிலேயே இருக்கும்!